லண்டனிலிருந்து ஒரு நாள் நடை: பிள்ளைகளோடு சீமைச்சுண்ணாம்புக் குன்றுகளுக்கு

ஹாரோ மீனா

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நான்கு. மதுரையிலிருந்து அம்மா வந்திருக்கிறார், ஆகஸ்ட் கடைசி வரை எங்களோடு இருப்பார். அவருக்கு மூட்டுவலி உண்டு. ஆனால் சமதரையில் நிதானமாக நெடுநேரம் நடப்பார்.

பூங்கா, அருங்காட்சியகம், கோயில் என்று லண்டனுக்குள்ளேயே சுற்றியாகிவிட்டது. தெற்கே சவுத் டவுன்ஸ், நார்த் டவுன்ஸ், வடமேற்கே சில்டர்ன்ஸ் என்று பச்சைப் புல் போர்த்திய சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன என்று படிக்கிறேன். படங்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. நடைபாதைக் குறிப்புகளைத் திறந்தாலோ எட்டு மைல், பத்து மைல் என்றே தொடங்குகின்றன. எங்களிடம் கார் கிடையாது. நான்கு வயதுக்காரியும் என் அம்மாவும் ஒரே நாளில் மகிழ்ச்சியாக நடந்து திரும்பக்கூடிய இடம் எது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தென்குன்றுவாசி

மீனா, நான் லூயிஸ் ஊரில் குடியிருக்கிறேன். வீட்டு வாசலில் நின்றாலே குன்று தெரியும். இந்த ஊரில்தான் என் பிள்ளைகள் நடக்கப் பழகினார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு போகும்போது தூரத்தைப் பார்த்து நடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சரிவைப் பாருங்கள். சமமான முகட்டில் நான்கு வயதுப் பிள்ளை மூன்று கிலோமீட்டரைப் பேசிக்கொண்டே நடந்துவிடும். செங்குத்தான ஏற்றம் என்றால் முந்நூறு மீட்டரில் உட்கார்ந்துவிடும்.

இந்தக் குன்றுகள் எல்லாப் பக்கமும் ஒரேபோல் இருப்பதில்லை. ஒரு பக்கம் சுவர்போல நிமிர்ந்து நிற்கும், மறுபக்கம் மெல்லச் சாய்ந்து இறங்கும். சவுத் டவுன்ஸில் செங்குத்துப் பக்கம் வடக்கே இருக்கிறது, நார்த் டவுன்ஸில் தெற்கே, சில்டர்ன்ஸில் வடமேற்கே. வரைபடத்தில் உயரக்கோடுகள் எங்கே நெருங்குகின்றன என்று பார்த்தால் இது உடனே பிடிபடும். லண்டனிலிருந்து ரயிலில் வந்து வடக்கு அடிவாரத்தில் இறங்கிச் சவுத் டவுன்ஸில் ஏறத் தொடங்கினால், அந்த நாளின் மிகக் கடினமான ஏற்றத்தைப் பிள்ளைகளுக்கு முதல் அரைமணி நேரத்திலேயே கொடுத்துவிடுகிறீர்கள். உச்சிக்கே பஸ்ஸில் போய் இறங்கி, முகட்டில் நடந்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்புவதுதான் குடும்பத்துக்கு ஏற்றது.

அதற்கு என் முதல் சிபாரிசு டெவில்ஸ் டைக். பிரைட்டன் ரயில் நிலையத்திலிருந்து 77ஆம் எண் பஸ் மேலேயே கொண்டுபோய் விடும் (பருவத்துக்கேற்ப நேரம் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்). இறங்கியதும் வடக்கே சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். வயல்கள், வேலிச்செடிகள், தேவாலயக் கோபுரங்கள் என்று உங்கள் அம்மா ஓர் இடத்தில் உட்கார்ந்தே ஒருமணி நேரம் பார்க்கலாம். மறுபுறம் ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு. அதன் அடியில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. வெறும் புல்தான்.

பிள்ளைகளுக்கு அங்கே ஒரு கதையும் காத்திருக்கிறது. இந்தப் பக்கத்துத் தேவாலயங்களையெல்லாம் கடலில் மூழ்கடிக்கச் சாத்தான் ஒரே இரவில் கால்வாய் வெட்டத் தொடங்கினானாம். ஒரு கிழவி மெழுகுவத்தி ஏற்ற, சேவல் கூவ, விடிந்துவிட்டதென்று நினைத்து வேலையைப் பாதியில் விட்டு ஓடிவிட்டானாம். பூதம் ஒரே இரவில் கோயில் கட்டி, சேவல் கூவியதும் நிறுத்திய கதைகளை உங்கள் அம்மா கேட்டிருப்பார். அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

வேகநடை

டெவில்ஸ் டைக் நல்ல இடம்தான். ஆனால் சுண்ணாம்புக் குன்று என்றால் கடலோரத்தில் வெள்ளைச் சுவராக நிற்கும் செவன் சிஸ்டர்ஸ் அல்லவா? சீஃபர்டில் இறங்கி, குக்மியர் பள்ளத்தாக்கைக் கடந்து, ஏழு மேடுகளையும் ஏறி இறங்கி, பர்லிங் கேப், பீச்சி ஹெட் வழியாக ஈஸ்ட்போர்ன் வரை நடப்பது தென் இங்கிலாந்தின் மிகச் சிறந்த நடை என்பேன். என் மகன் ஒன்பது வயதில் அதை முடித்தான். பிள்ளைகளால் முடியாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். எட்டு வயது மகனை அழைத்துப் போய்ப் பாருங்கள். அவன் அதை வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டான்.

தென்குன்றுவாசி

வேகநடை அண்ணா, உங்கள் மகனுக்குப் பாராட்டுகள். ஆனால் மீனா கேட்டது நான்கு வயதுக் குழந்தைக்கும் மூட்டுவலி உள்ள அம்மாவுக்கும். நீங்கள் சொல்லும் நடை இருபது கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் ஓயாமல் ஏறி இறங்குவது.

தூரத்தைவிட எனக்குக் கவலை அந்த விளிம்பு. பீச்சி ஹெட்டில் பாறை 162 மீட்டர் உயரம். பெரும்பாலான இடங்களில் வேலி கிடையாது. புல் விளிம்பு வரை பசுமையாக, உறுதியாகத்தான் தெரியும். அடியில் கடல் அரித்து வெறுமையாக இருக்கும், மேலே நிற்பவருக்கு அது தெரியாது. இந்தக் கரை சராசரியாக ஆண்டுக்கு முப்பது நாற்பது சென்டிமீட்டர் பின்வாங்குகிறது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதில்லை. சில ஆண்டுகள் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரு நாள் பல மீட்டர் ஒரேயடியாகச் சரியும். பெல் டவுட் கலங்கரை விளக்கம் விளிம்புக்கு மிக அருகில் வந்துவிட்டதால், 1999இல் அந்தக் கட்டடத்தை அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

அதனால் செவன் சிஸ்டர்ஸுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே போங்கள். பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் நடுவே ஓடும் 12ஆம் எண் வரிசை பஸ்கள் சீஃபர்ட் வழியாக எக்ஸீட்டில் நிற்கும். அங்கிருந்து குக்மியர் ஆற்றோரமாகக் கடற்கரை வரை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சமமான பாதை. தள்ளுவண்டி போகும். ஆறு பாம்புபோல் வளைந்து கிடக்கும், நாரைகள் நிற்கும். வழியின் முடிவில் கூழாங்கல் கடற்கரை. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் கிழக்கே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். மேலே நின்றால் காலடியில் இருப்பதைப் பார்க்க முடியாது. கீழே நின்றால் முழு அழகும் கண்ணில் படும். ஆனால் சுவரின் அடியில் போய் உட்கார வேண்டாம். விழும் கற்கள் சொல்லிவிட்டு விழுவதில்லை. கடல் ஏறும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

வேகநடை

விளிம்பைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் நடந்தபோதும் உட்பக்கப் பாதையிலேயே வந்தோம், கையை விடவில்லை. மீனாவுக்கு எக்ஸீட் பாதை பொருந்தும் என்பதையும் ஏற்கிறேன்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். எட்டு வயதுக்காரனை நான்கு வயதுக்காரியின் அளவுக்கே எப்போதும் கட்டிப்போடாதீர்கள். அம்மாவும் மகளும் கடற்கரையில் இருக்கட்டும். அப்பாவோ நீங்களோ அவனை மட்டும் அழைத்துக்கொண்டு முதல் மேட்டில் ஏறி, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று பார்த்துவிட்டு இறங்கலாம். மூச்சு வாங்க ஏறும் ஆனந்தம் அவனுக்கும் கிடைக்க வேண்டும்.

தென்குன்றுவாசி

இதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். குடும்பம் முழுவதும் ஒரே பாதையில்தான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பாறைப்பித்தன்

பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன், எனவே இந்த இழையில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளைகளை நடக்கவைக்க மிட்டாயைவிடப் பெரிய ஆயுதம் காலடியில் கிடக்கும் அந்த வெள்ளைக் கல்தான்.

உதிர்ந்து கிடக்கும் துண்டு ஒன்றை எடுங்கள். (பாறையைப் பெயர்க்க வேண்டாம், பல இடங்கள் பாதுகாக்கப்பட்டவை.) அதன்மேல் தண்ணீர்ச் சொட்டு விடுங்கள், உடனே உறிஞ்சிவிடும். சிறு புட்டியில் வினிகர் கொண்டுபோய் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். கறுப்புப் பலகை இருந்தால் அதில் எழுதும். என் வகுப்புப் பிள்ளைகள் இந்த மூன்றையும் செய்துவிட்டு, அடுத்து வரும் ஒவ்வொரு கல்லையும் சோதிக்காமல் நகர மாட்டார்கள். அதைச் சோதித்துச் சோதித்தே ஒரு மைல் நடந்திருப்பார்கள்.

அது என்ன என்று கேட்டால் இப்படிச் சொல்லலாம். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அதில் மிதந்தன. ஒவ்வொன்றின் உடலையும் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகள். பாசிகள் மடிய மடிய அந்தத் தகடுகள் கடலடியில் சேறாகப் படிந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்தது இன்று நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன். பிள்ளையின் கையை அந்தக் கல்லின்மேல் வைத்து, "உன் சுண்டுவிரல் அகலம் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆல்ப்ஸ் மலையை எழுப்பிய அதே அழுத்தம் இந்தப் படிவத்தையும் கூரைபோல் வளைத்து உயர்த்தியது. கூரையின் நடுப்பகுதி அரித்துப் போய்விட்டது. வடக்கே எஞ்சியது நார்த் டவுன்ஸ், தெற்கே எஞ்சியது சவுத் டவுன்ஸ். இரண்டின் செங்குத்துப் பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதன் காரணம் இதுதான்.

டெவில்ஸ் டைக்கின் அடியில் ஆறு இல்லாததற்கும் காரணம் உண்டு. இந்தக் கல் மழைநீரை அப்படியே உள்ளே விட்டுவிடும், மேலே ஓடை தங்காது. பனியுகத்தில் நிலம் உறைந்து கல்லாகக் கிடந்ததால், கோடையில் உருகிய பனிநீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடிப் பள்ளத்தை அறுத்தது. பனி விலகியதும் நீர் மீண்டும் நிலத்துக்குள் போய்விட்டது, பள்ளம் மட்டும் நின்றது.

வெள்ளைக்கு நடுவே கறுப்பாகக் கிடப்பது சிக்கிமுக்கிக் கல். உடைந்த விளிம்பு கத்திபோல் அறுக்கும், சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். வொர்திங் ஊருக்கு மேலே சிஸ்பரி ரிங் குன்றில் புதிய கற்கால மக்கள் இதற்காகவே சுரங்கம் தோண்டினார்கள். அந்தப் பள்ளங்கள் இன்னும் புல்லுக்கடியில் குழிகுழியாகத் தெரியும்.

குரோய்டன் குமரன்

நார்த் டவுன்ஸை யாரும் சொல்லவில்லையே. தெற்கு லண்டன்காரர்களுக்கு அது பக்கத்து வீடு.

எங்கள் பகுதித் தமிழர்களில் பலருக்கு ஃபார்த்திங் டவுன்ஸ் இருப்பதே தெரியாது. கௌல்ஸ்டன் சவுத் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் ஏறினால் போதும், லண்டன் எல்லைக்குள்ளேயே ஒரு முழுச் சுண்ணாம்புப் புல்வெளி. 1883 முதல் லண்டன் நகராட்சிக் கழகம் அதைப் பராமரிக்கிறது. மாடுகளும் செம்மறிகளும் மேயும். முகட்டில் ஆங்கிலோ சாக்சன் காலத்துப் புதைமேடுகள் இருக்கின்றன. அதையடுத்து ஹாப்பி வேலி. அதன் வழியாக இன்னும் கொஞ்சம் நடந்தால் சால்டன் என்ற சிற்றூரின் பழைய தேவாலயம். உள்ளே சுவர் முழுவதும் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம்: நடுவே ஓர் ஏணி, நல்லவர்கள் ஏறுகிறார்கள், கெட்டவர்கள் விழுகிறார்கள், பேய்கள் கொப்பரையில் வேகவைக்கின்றன. என் மகள் அதன் முன்னால் நின்று ஒவ்வொரு பேயாக எண்ணினாள்.

பாக்ஸ் ஹில் எல்லோருக்கும் தெரிந்த இடம், வார இறுதியில் கூட்டம் அலைமோதும். ஆனாலும் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போனதே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து சிறிது நடந்தால் மோல் ஆறு. ஆற்றைக் கடக்க வரிசையாகக் கற்கள் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் எதிரி வந்துவிடக்கூடாது என்று பழைய கற்களை அகற்றினார்கள், 1946இல் திரும்பப் போட்டார்கள். திறந்துவைத்தவர் அன்றைய பிரதமர் அட்லி. ஆறு பெருகியிருந்தால் கற்கள் மூழ்கிவிடும், பக்கத்தில் நடைபாலம் உண்டு. அதன்பின் உச்சிக்குப் போகும் படிகள் மிகச் செங்குத்து. மீனா, உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம். ஆற்றங்கரையோடு நிறுத்திக்கொண்டாலே அந்த நாள் நிறைவாக இருக்கும்.

உச்சி வரை போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 1800இல் இறந்த ஒரு படை அதிகாரி தன்னைத் தலைகீழாகப் புதைக்கச் சொல்லியிருந்தார். அப்படியே இந்தக் குன்றில் புதைத்தார்கள், அதைச் சொல்லும் நினைவுக்கல் இருக்கிறது. எட்டு வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வன்னிமகள்

எல்லோரும் அருமையாக எழுதுகிறீர்கள். ஒரு தயக்கத்தைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் இவர், "அடுத்தவன் வயலுக்குள் எப்படிப் போவது, யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது" என்று பாதி வழியில் திரும்பிவிடுவார். ஒரு தடவை பாதை நேராக ஒரு பண்ணையின் முற்றத்துக்குள் போனது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள், நாங்கள் வாசலிலேயே நின்றோம். நாங்கள் மட்டும்தான் அங்கே மண்ணிறத் தோல் உள்ள குடும்பம் என்பதும் மனதில் இருந்தது. வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்கிறதா?

தென்குன்றுவாசி

தங்கச்சி, தோன்றாமல் இருக்குமா? எனக்கும் தோன்றியது. இப்போது தோன்றுவதில்லை, ஏனென்றால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்த வழியில் நடப்பது உங்கள் உரிமை. பண்ணையார் தரும் சலுகை என்று நினைக்க வேண்டாம். பாதை முற்றத்தின் நடுவே போனால் நீங்களும் முற்றத்தின் நடுவே போகலாம். மஞ்சள் அம்புக்குறி என்றால் நடப்பவர்களுக்கான வழி. நீல அம்புக்குறி என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம், நீங்களும் நடக்கலாம். சவுத் டவுன்ஸ் வே போன்ற தேசிய நடைவழிகளில் ஓக் மரக்கொட்டை சின்னம் இருக்கும். இவை தவிர, 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி வரைபடத்தில் திறந்தவெளியாகக் குறித்த புல்குன்றுகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது, கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுவது. மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். பயிருக்கு நடுவே பாதை போனால் ஒற்றை வரிசையில் நடங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கு அருகே மட்டும் போகாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். நம் ஊர் மாட்டைத் தடவிக்கொடுத்துப் பழகிய பெரியவர்கள் இதில் துணிச்சலாக இருப்பார்கள், அவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அந்தப் பாதையில் அவருக்கு இருக்கும் உரிமை இந்த நாட்டு மன்னருக்கு இருப்பதற்குக் குறைந்ததல்ல. புல்லில் விரிப்பைப் போட்டுப் புட்டும் சம்பலும் கையால் சாப்பிடுங்கள். எதிரே வருகிறவர்கள் ஹலோ சொல்லிவிட்டுப் போவார்கள், நீங்களும் சொல்லுங்கள். குன்றில் அதுதான் வழக்கம்.

லூட்டன் ரவி

கார் இருக்கும் நண்பர்கள் யாராவது உங்களை அழைத்துப் போவார்கள் என்றால், டன்ஸ்டபிள் டவுன்ஸை அம்மாவுக்காகச் சொல்வேன். வண்டி நிறுத்துமிடம் உச்சியிலேயே இருக்கிறது. சிற்றுண்டிச்சாலை, கழிப்பறை எல்லாம் அங்கேயே. முகட்டோடு சமமான பாதை, சக்கர நாற்காலியும் போகும். கீழே கிளைடர் விமானங்கள் கிளம்பி, நாம் நிற்கும் உயரத்துக்கு வந்து சத்தமில்லாமல் கடந்து போகும். காற்று எப்போதும் அடிக்கும் என்பதால் பட்டம் விட மிகச் சிறந்த இடம். என் அப்பா ஊரில் இருந்து வந்தபோது குன்றை விட்டுவிட்டுப் பேரனிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார், சாயங்காலம் வரை தரவில்லை.

அந்தக் காற்றைப் பற்றி எச்சரிக்கையும் சொல்கிறேன். கோடையில்கூட உச்சியில் குளிரும். பெரியவர்களுக்குக் கழுத்தை மூடும் சால்வை வேண்டும்.

சாந்தி செவிலி

பொதுவாக ஒரு வார்த்தை. இந்தக் குன்றுகளில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. மேலே பாறைப்பித்தன் ஐயா சொன்ன அதே காரணம்தான், மழைநீர் தங்காது. எனவே ஆளுக்கு ஒரு புட்டி தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று பிள்ளைகளுக்குக் கிரீம் பூசாமல் விடாதீர்கள்.

அடுத்தது உண்ணி. உயரமான புல், பெரணி, மான் நடமாடும் காட்டோரம் ஆகிய இடங்களில் இருக்கும். லைம் நோயைப் பரப்பக்கூடியது. முழுக்கால் சட்டை போட்டு அதன் நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் விடுவதும் நெருப்புக்குச்சி காட்டுவதும் கூடாது. பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டி, உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். கருமையான தோலில் அந்த வட்டம் சிவப்பாகத் தெரியாமல் போகலாம், அதனால் நாம் கூடுதல் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பாதணி பற்றி ஒன்று. நனைந்த சுண்ணாம்புப் பாதை சோப்புத் தண்ணீர் கொட்டிய தரைபோல் வழுக்கும். மழை பெய்த மறுநாள் செருப்போடு, வழவழப்பான அடிப்பாகமுள்ள காலணியோடு பெரியவர்களை இறக்கத்தில் கூட்டிப்போக வேண்டாம். அதில் முறிந்த மணிக்கட்டுகளைப் பணியில் பார்த்திருக்கிறேன்.

ஹாரோ மீனா

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் சாத்தான் கதையைப் படித்துக் காட்டினேன், இப்போது அவரும் டெவில்ஸ் டைக் போக வேண்டும் என்கிறார். ஆனால் ஹாரோவிலிருந்து விக்டோரியா, அங்கிருந்து பிரைட்டன், பிறகு பஸ் என்றால் மகளுக்கு முதல் தடவையே நீளமாகிவிடுமோ என்று தயக்கம். அதற்கு முன்னால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று வேண்டும். எங்கள் மெட்ரோபாலிட்டன் சுரங்க ரயில் பாதையிலேயே எட்டக்கூடிய நடை இருக்கிறதா?

செஷம் சாரதா

இருக்கிறது மீனா, உங்களுக்கென்றே வைத்ததுபோல். செஸ் பள்ளத்தாக்கு.

ஹாரோ ஆன் த ஹில்லில் ஏறி, ஆமர்ஷம் அல்லது செஷம் போகும் வண்டியில் உட்காருங்கள். சால்ஃபான்ட் அண்ட் லாட்டிமர் நிலையத்தில் இறங்குங்கள். கட்டணக் கணக்கில் எட்டாம் வட்டம், லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் செல்லும். பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெரியவரோடு வந்தால் கட்டணமில்லை.

நிலையத்திலிருந்து வீடுகளைத் தாண்டினால் காடு. காட்டை விட்டு வெளியே வந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் இறங்கும், அடியில் செஸ் ஆறு. இது மழைநீரால் ஓடும் ஆறு இல்லை. குன்றுக்குள் இறங்கிய தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் வடிந்து அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. அதனால் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறத்தாழ ஒரே குளிர்ச்சி. அடியில் கிடக்கும் ஒவ்வொரு சிக்கிமுக்கிக் கல்லும் தெரியும் அளவுக்குத் தெளிவு. உலகத்தில் இருக்கும் இப்படிப்பட்ட சுண்ணாம்பு நீரோடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. பாலத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தால் ட்ரவுட் மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும், வால் மட்டும் அசையும். என் பேரன் அதைப் பார்க்கத் தொடங்கினால் எழுப்புவது கஷ்டம்.

ஆற்றைத் தாண்டினால் லாட்டிமர், ஒரு கைப்பிடி வீடுகள் உள்ள ஊர். நடுவில் பசும்புல் திடல். அங்கே, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின் நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேடு இருக்கும். அந்தப் போரில் காயம்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட ஒரு குதிரையின் இதயத்தை அதில் புதைத்திருக்கிறார்கள். மகளிடம் காட்டுங்கள். கட்டுச்சோற்றை அங்கேயே அவிழ்த்துவிடலாம், ஊரில் கடையை எதிர்பார்க்க வேண்டாம்.

தலைக்குமேல் பிளவுபட்ட வாலோடு வட்டமிடுவது ரெட் கைட் பருந்து. இங்கிலாந்தில் அது அழிந்தே போயிருந்தது. 1989 முதல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன்ஸில் விட்டார்கள், இன்று எங்கு பார்த்தாலும் இருக்கிறது. உணவு போட்டுப் பழக்காதீர்கள். கையில் இருப்பதையே பறித்துக்கொண்டு போகும் துணிச்சல் அதற்கு வந்துவிட்டது.

இந்த நடையில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். அம்மா லாட்டிமரில் நன்றாக ஓய்வெடுக்கட்டும். திரும்பும்போது காட்டுக்குள் விழுந்து கிடக்கும் மரங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறட்டும். மொத்தமாக நான்கைந்து கிலோமீட்டர், அரைநாள் ஒதுக்கினால் அவசரமே இல்லை. மழை பெய்த சில நாட்களுக்குப் போக வேண்டாம். சில்டர்ன்ஸில் சுண்ணாம்புக்கு மேல் களிமண் படிந்திருக்கும், காட்டுப்பாதை சேறாகிவிடும். கனமழைக்குப் பின் ஆற்றில் கழிவுநீரும் கலக்கக்கூடும் என்பதால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஹாரோ மீனா

அக்கா, இதுதான் நான் தேடியது. மகளுக்குத் தள்ளுவண்டி கொண்டு வரலாமா, இல்லை முதுகில் சுமக்கும் பையா?

செஷம் சாரதா

பைதான். காட்டில் வேர்கள் மேலெழுந்து கிடக்கும், ஓரிரு இடங்களில் குறுகலான சுழல்கதவும் உண்டு. தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் கையையும் பிடிக்க முடியாது. குக்மியர் போகும்போது தள்ளுவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்குன்றுவாசி

சாரதா அக்கா சொன்னதையே வழிமொழிகிறேன். செஸ் முடித்துவிட்டு டெவில்ஸ் டைக் வரும்போது ஜூலை பிற்பகுதியோ ஆகஸ்ட் தொடக்கமோ ஆகட்டும். சாக்ஹில் புளூ என்ற வெளிர்நீலப் பட்டாம்பூச்சி அப்போதுதான் பறக்கும். காட்டுத் தைம் பூத்திருக்கும், மிதித்தால் வாசனை எழும். பயணத்துக்குக் குடும்ப ரயில் சலுகை அட்டை வாங்கிவிடுங்கள். பெரியவர் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கும், ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் டிக்கெட்டில் அறுபது சதவீதமும் குறையும். வார நாட்களில் காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் செல்லாது. உங்கள் மகளுக்கு ஐந்து வயது ஆகும்வரை டிக்கெட்டே வேண்டாம்.